மூடியைத் திறந்தபோது

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவின் மழைநீர் வடிகாலை இன்று காலை தூர் வாரினார்கள். பழைய செங்கல் சுவரின் பூச்சு உதிர்ந்து, விரிசல் வழியே நுழைந்த மரவேரில் பால் கவர்களும் தேங்காய் மட்டைகளும் சிக்கி, முழங்கால் உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தது. கூடவே, யாரோ கள்ளத்தனமாகக் கொடுத்திருந்த கழிவுநீர் இணைப்பும் தெரிந்தது (யார் வீடு என்பது தெருவுக்கே தெரியும்). சென்னை பெரும்பாலும் சமதளம் என்பதால் வடிகால்களுக்குக் கிடைக்கும் சாய்வு மிகக் குறைவு. ஓரிடத்தில் சேறு தடுத்தாலும், மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றைச் சேர வேண்டிய நீர் பின்வாங்கி வாசலில் நின்றுவிடுகிறது. வாரிய சேற்றை வடிகாலின் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு நல்ல மழை பெய்தால் அத்தனையும் மீண்டும் உள்ளே இறங்கிவிடும்.