நகராட்சி பென்ஷன் பங்களிப்புக் கணக்கை நான் படித்த விதம்

ஆக்சுவரி (காப்பீடு, பென்ஷன் போன்றவற்றின் நிதிக் கணக்கைப் போடும் நிபுணர்) தேர்வில் பென்ஷன் பகுதி எடுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சூத்திரத்தில் ஆரம்பிக்காதீர்கள். கலிபோர்னியாவில் ஏராளமான நகராட்சிகளின் பென்ஷனை நடத்துவது கால்பெர்ஸ். அது ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக வருடாந்திர மதிப்பீட்டு அறிக்கை போடுகிறது, இணையத்தில் இலவசம். நான் படித்தது பெரும்பாலும் அதை வைத்துத்தான்.

நகராட்சி கட்டுவது இரண்டு தொகை. ஒன்று நார்மல் காஸ்ட், அதாவது இந்த வருட வேலைக்காக ஊழியர்களுக்குச் சேரும் பென்ஷனின் இன்றைய மதிப்பு. இது சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று வரும். அடுத்தது பழைய பற்றாக்குறைக்கான தவணை, அதாவது ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பென்ஷன் கடனுக்கு நிதியில் இருக்கும் பணம் எவ்வளவு போதாதோ அதை அடைப்பதற்கானது. 2017-18 முதல் இதை டாலராகவே கேட்கிறார்கள்.

ஏன் டாலர்? ஒரு கற்பனை ஊரைப் போட்டுப் பாருங்கள். மொத்தச் சம்பளம் 1 கோடி டாலர், நார்மல் காஸ்ட் 18%, அதில் ஊழியர் பங்கு 7%, மீதி 11% நகராட்சிக்கு, அதாவது 11 லட்சம். பற்றாக்குறை 3 கோடி, 6.8% வட்டியில் 20 வருடச் சம தவணை என்றால் வருடத்துக்குச் சுமார் 27.9 லட்சம், சம்பளத்தில் 27.9%. இப்போது ஆட்குறைப்பு செய்து சம்பளம் 80 லட்சமாகிவிட்டது என்று வையுங்கள். நார்மல் காஸ்ட் தொகை குறையும், ஆனால் பழைய கடன் அப்படியே நிற்கும், சதவீதமாகச் சொன்னால் 34.8%! சதவீதத்தில் மட்டும் வசூலித்திருந்தால் ஆளைக் குறைத்த ஊர் கடனையும் குறைவாகத்தான் கட்டியிருக்கும்.

அப்புறம் தேதி. 2022 ஜூன் 30 மதிப்பீடு 2024-25க்கான தொகையைத் தீர்மானிக்கிறது. முதலீட்டு நஷ்டம் வந்தால் அதன் தவணையும் ஒரேயடியாக ஏறாது, 5 வருடத்தில் படிப்படியாக ஏறும். அதனால் சந்தை சரிந்த வருடத்திலேயே பங்களிப்பு விகிதம் எகிறும் என்று விடையில் எழுதினால் மதிப்பெண் போச்சு.

2013 ஜனவரி முதல் சேர்ந்த புதிய உறுப்பினர்கள் நார்மல் காஸ்டில் குறைந்தது பாதி கட்ட வேண்டும் என்ற விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், சின்ன விஷயம்தான்.

அறிக்கையின் பின்பகுதியில் தள்ளுபடி விகிதம் (வருங்காலப் பென்ஷனை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் வட்டி) 1% கூடினால், குறைந்தால் என்ன ஆகும் என்று ஒரு அட்டவணை இருக்கும். அதை மறைத்துக்கொண்டு, நார்மல் காஸ்ட், பற்றாக்குறை இரண்டும் எந்தப் பக்கம், ஏறக்குறைய எவ்வளவு நகரும் என்று முதலில் நீங்களே எழுதிவிட்டு, பிறகு திறந்து சரிபாருங்கள்.