31ஆம் நாள் அறிவித்தலில் கிடைத்த ஊர்

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல், மட்டக்களப்பு மாவட்டத்துக் கல்லாற்றில் இருந்த எங்கள் வீட்டுக்குள் புகுந்தபோது அம்மாவின் தகரப் பெட்டியும் போனது. காணி உறுதிகள், பிறப்புப் பத்திரங்கள், அம்மப்பாவின் ஒரேயொரு படம் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. உறுதிகளுக்குப் பிரதி எடுக்க முடிந்தது. எங்களுடைய பிறப்புப் பத்திரங்களையும் மறுபடி பெற்றுக்கொண்டோம். அம்மப்பாவைப் பற்றி மட்டும் ஒரு துண்டுக் கடதாசியும் மிஞ்சவில்லை. அவர் வயல் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையாராக இருந்தவர், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் செய்தவர், கோபம் வந்தால் சாப்பிடாமல் வாவிக்கரையில் போய் இருந்துவிடுபவர் என்பவற்றுக்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. அவருடைய பிறப்புப் பதிவைத் தேடித் தருமாறு கொடுத்த விண்ணப்பம், எங்கள் பிரிவின் பதிவேட்டில் அப்படியொரு பதிவு இல்லை என்ற பதிலோடு திரும்பி வந்தது. பழைய பத்திரிகைகளில் தேடிப் பார்க்கலாம் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் எழுந்தது.

பத்திரிகையில் தேடுவதற்கு முதலில் திகதி வேண்டும். எங்கள் வீட்டில் எவருக்கும் திகதி தெரியாது. ஆனால் எல்லோருக்கும் காலம் தெரியும். பெரியம்மா 'வெள்ளத்துக்குப் பிறகு பிறந்தவள்', அதாவது 1957 டிசம்பர் பெருவெள்ளத்துக்குப் பிறகு. அம்மப்பா எப்போது இறந்தார் என்று கேட்டபோது, 'சூறாவளிக்கு முந்தின குளிர்த்தி முடிஞ்ச கையோட' என்றார் அம்மா. கண்ணகி அம்மன் கோவில்களின் குளிர்த்திச் சடங்கு வைகாசியில் வரும். சூறாவளி 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்தது. 'முந்தின' என்ற சொல்லை நான் 'முந்தின வருடம்' என்று எடுத்துக்கொண்டு, 1977 மே மாத நடுப்பகுதியிலிருந்து தேடத் தொடங்கினேன். அந்தத் தவறு என்னிடமிருந்து ஏறக்குறைய இரண்டு மாதங்களைத் தின்றது.

தொடக்கம் இணையத்தில் நிகழ்ந்தது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பத்திரிகைகள் பலவற்றின் இதழ்கள் படமாக்கப்பட்டு, பத்திரிகையின் பெயர், ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. திகதி தெரிந்தவருக்கு அது பெரும் புதையல். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வருபவர் இதழ் இதழாகத் திறந்து பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கும். அவுஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் நூறு வருடப் பத்திரிகைகளுக்குள் அந்தச் சொல் எங்கே இருந்தாலும் காட்டிவிடுகிறது; கணினி தவறாக வாசித்த சொற்களை வாசகர்களே திருத்தவும் அங்கே வழி உண்டு. அதில் மட்டக்களப்பு என்று ஆங்கிலத்தில் தேடிப் பார்த்து ஒரு முழு இரவைக் கழித்தேன். இத்தகைய அட்டவணைகளில் எங்கள் ஊருக்கு நடந்தவை கிடைக்கும். எங்கள் ஊரில் வாழ்ந்தவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

தமிழ்ப் பத்திரிகையைக் கணினி வாசிப்பதில் உள்ள சிக்கலையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்திய அச்சில் லை, ளை, ணை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற கொம்புடன் இருக்கும். ஈய எழுத்தில் அடித்த நம்முடைய பழைய பத்திரிகைகளும் அந்த அச்சில்தான் இருக்கின்றன. துறைநீலாவணை என்ற ஊர்ப் பெயரைக் கணினி சரியாக வாசித்ததை நான் ஒரு தடவையும் காணவில்லை. ஒடுங்கிய பத்திகளில் ஊரின் பெயர் பாதியில் முறிந்து அடுத்த வரிக்குப் போய்விடுவதும் உண்டு. எழுத்துச் சரியாக வாசிக்கப்பட்டிருந்தாலும், மரண அறிவித்தலில் 'கல்லாறு' என்ற சொல் அந்த வடிவில் வருவதே அரிது; 'கல்லாற்றைப் பிறப்பிடமாகவும்' என்றுதான் வரும். பழுகாமம் 'பழுகாமத்தை' ஆகிவிடும். சொல்லின் வேற்றுமை ஏறாத பகுதியை மட்டும், அதாவது 'கல்லா', 'பழுகாம' என்று தேடக் கற்றுக்கொள்ளாமல் நான் பல நாட்களை வீணாக்கினேன். ஊர்ப் பெயர்களே மாறியிருப்பதையும் மறக்கக் கூடாது. இன்றைய ஆரையம்பதியைத் தேடுபவர் ஆரப்பற்றை என்றும் தேட வேண்டும். இன்று அம்பாறை மாவட்டத்தில் உள்ள காரைதீவையும் திருக்கோவிலையும் 1961க்கு முந்திய செய்திகளில் மட்டக்களப்பு மாவட்டத்தின் கீழேதான் பார்க்க வேண்டும்.

இணையத்தில் நான் தேடிய மாதங்களின் இதழ்கள் முழுமையாக இல்லை. அதனால் இரவுப் புகையிரதத்தில் கொழும்புக்குப் போய், 7ஆம் வட்டாரத்தில் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் நாளிதழ்களின் கட்டிய தொகுதிகளைப் பார்த்தேன். ஒரு மாதத் தொகுதி ஒரு சிறு பலகையளவு பாரம். தாள் மஞ்சளாகி, ஓரங்கள் அப்பளம்போல உதிரும் நிலையில் இருந்ததால், பக்கத்தின் மேல் மூலையைப் பிடிக்காமல் உள்ளங்கையைத் தாளுக்குக் கீழே கொடுத்துத் தாங்கிப் புரட்ட வேண்டியிருந்தது. 1977 மே, ஜூன் மாதங்கள் முழுவதும் ஜூலைப் பொதுத் தேர்தலின் ஆரவாரம். அவற்றுக்கு இடையே எங்கள் பகுதிக்கு அன்றாடம் அரைப் பத்திதான் கிடைத்திருந்தது. அம்மப்பா அங்கே இல்லை.

வேறொரு நூலகத்தில் அதே ஆண்டின் தொகுதியைப் பார்த்தபோது, மரண அறிவித்தல்கள் இருக்கும் இடங்கள் பலவற்றில் சவரத் தகடால் வெட்டிய சதுரத் துளைகளே இருந்தன. தங்கள் வீட்டுப் பெரியவரின் அறிவித்தலை நினைவாக எடுத்துச் சென்றிருக்கிறார்கள் போலும். அந்தத் துளைகளின் பின்பக்கத்தில் யாருடைய செய்தி போனதோ.

ஊருக்குத் திரும்பி, பார்த்த இதழ்களை அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 'அப்பாட 31ஆம் நாள் முடிஞ்சு அஞ்சு மாசம் போகல்ல, சூறாவளி வந்து கூரையைக் கொண்டுபோயிட்டு. நீங்க ஏன் அங்க தேடின நீங்க?' என்று கேட்டார். முந்தின குளிர்த்தி என்பது சூறாவளிக்கு ஆறு மாதம் முந்திய குளிர்த்தி, 1978 வைகாசி. அம்மா தொடக்கத்திலேயே சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

இரண்டாம் பயணத்துக்கு முன் இன்னொன்றையும் யோசித்துக்கொண்டேன். எங்கள் பகுதியில் அக்காலத்தில் ஒருவர் இறந்தால் அடுத்த நாளே அடக்கம் முடிந்துவிடும். தூரத்து உறவினருக்குத் தந்தியும் இலங்கை வானொலியின் மரண அறிவித்தலும்தான் செய்தி சொன்னது. கொழும்பில் அச்சாகும் பத்திரிகையில் செய்தி போட்டு அது இரவு வண்டியில் மட்டக்களப்புக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே பத்திரிகையில் காசு கட்டி விளம்பரம் போட நினைத்தவர்கள், 31ஆம் நாள் நினைவஞ்சலிக்கும் நன்றி நவிலலுக்கும் அல்லது ஓராண்டு நினைவுக்குமே போட்டிருக்கக்கூடும். இறந்த நாளை மட்டும் குறிவைத்துத் தேடினால் இவை தப்பிவிடும். 1978 மே நடுப்பகுதி தொடங்கி ஜூலை முடிவு வரை பார்ப்பதென்று தீர்மானித்தேன்.

ஜூலை முதல் வாரத்து இதழ் ஒன்றின் உட்பக்கத்தில், ஒரு சைக்கிள் விளம்பரத்துக்குக் கீழே அது இருந்தது. படமில்லை, கறுப்புக் கட்டத்துக்குள் பதினான்கு வரிகள். பெயர் பெரிய எழுத்தில், அதற்கு மேலே 'முன்னாள் வட்டவிதானை'. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: வட்டவிதானை என்பவர் ஒரு வயற் கண்டத்தின் நீர்ப்பங்கீடு, வேலி, கால்நடைக் கட்டுப்பாடு ஆகியவற்றைக் கவனிக்கும்படி விவசாயிகளால் தெரிவுசெய்யப்படுபவர். அதன் கீழே, 'பழுகாமத்தைப் பிறப்பிடமாகவும் கல்லாற்றை வசிப்பிடமாகவும் கொண்ட' என்று இருந்தது. இந்த வரியை நான் மூன்று முறை வாசித்தேன். நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கல்லாற்றுக்காரர் என்றே வளர்ந்தவர்கள்.

கொஞ்சம் யோசித்திருந்தால் நான் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். ஆகவே எங்கள் பகுதி ஆண் ஒருவரின் மரண அறிவித்தலில் 'பிறப்பிடம்' என்பது பெரும்பாலும் அவருடைய தாயின் ஊர். 'வசிப்பிடம்' என்பது மனைவியின் ஊர். இரண்டு ஊர்களும் ஒன்றாக இருந்தால் அதில் வியப்பில்லை, வேறாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு கலியாணம் நடந்திருக்கிறது. பிறப்புப் பதிவும் பிறப்பிடத்தில்தான் இருக்கும். கல்லாறு மண்முனை தெற்கு எருவில் பற்றில் இருக்கிறது. பழுகாமம் வாவிக்கு அப்பால் போரதீவுப் பற்றில். எங்கள் பிரிவின் பதிவேட்டில் அவர் இல்லை என்று வந்த பதில் முழுவதும் சரியானது.

அறிவித்தலின் நடுப்பகுதி நாம் எல்லோரும் வாசிக்காமல் தாண்டும் பகுதி: 'காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் தந்தையும், இன்னார் இன்னார் ஆகியோரின் சகோதரரும், இன்னாரின் மாமனாரும் ஆவார்.' அந்தச் சகோதரர் வரியில் இரண்டு பெண்களின் பெயர்கள் இருந்தன. நான் முதலில் அம்மப்பாவின் தகப்பனார் பெயரைத்தான் ஆவலோடு எழுதிக்கொண்டேன். ஆனால் தேடலை முன்னே கொண்டுபோனவை அந்த இரண்டு பெண் பெயர்களே. ஆண்கள் வீட்டை விட்டுப் போகிறவர்கள். தாயின் வீடு சகோதரிக்கும், சகோதரியிடமிருந்து அவள் மகளுக்கும் போகும். சகோதரியின் பெயர் கிடைத்தால் முகவரி கிடைத்த மாதிரி.

முதற் பயணத்தில் நான் செய்த ஒரு மடத்தனத்தை மற்றவர்கள் செய்யாதிருக்க எழுதுகிறேன். வேறு உறவினர் இருவருடைய அறிவித்தல்களைக் கைப்பேசியில் படமெடுத்தபோது கட்டத்தை மட்டும் நெருங்கி எடுத்தேன்; பத்திரிகையின் பெயரும் திகதியும் உள்ள தலைப்பகுதி படத்தில் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்த இதழ் என்று சொல்ல வழியில்லை. அதன் பிறகு தலைப்பை ஒரு படம், முழுப் பக்கத்தை ஒரு படம், கட்டத்தை ஒரு படம் என்று எடுத்து, அங்கேயே சி.ஆர். கொப்பி எனப்படும் பெரிய குறிப்பேடு ஒன்றில் திகதி, பக்கம், பிறப்பிடம், வசிப்பிடம், தாயின் பெயர், சகோதரிகளின் பெயர் என்று கோடு போட்டு எழுதினேன். எங்கள் வீட்டுக்காரரை மட்டும் எழுதாமல் கல்லாறு, குருமண்வெளி, பழுகாமம், மண்டூர் என்று கண்ணில் பட்ட எல்லா அறிவித்தல்களையும் எழுதியதில், இப்போது அந்தக் கொப்பியே ஒரு சிறிய அட்டவணை ஆகிவிட்டது. வாவியின் இரு கரைகளுக்கும் இடையே எத்தனை கலியாணங்கள் நடந்திருக்கின்றன என்பதை நான் அதில்தான் கண்டேன். எங்கள் ஊர்க்காரர் சிலர் தங்களுடைய பெரியவர்களைத் தேடி இப்போது என்னிடம் வருகிறார்கள். அந்தக் காலத்தில் விளம்பரத்துக்குக் காசு இல்லாதிருந்த வீடுகளுக்கு என்னால் ஒன்றும் கொடுக்க முடிவதில்லை.

போரதீவுப் பற்றுப் பிரிவின் பதிவேட்டில் தேடும்படி மறுபடி விண்ணப்பித்தேன். அறிவித்தலில் வயது 71 என்று இருந்ததால் 1906, 1907 என்று கேட்டேன். பதிவு 1908இல் கிடைத்தது. அறிவித்தல் எழுதியவர்கள் வயதைக் குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று வருடங்கள் முன்னும் பின்னும் தேடச் சொல்வது நல்லது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து பழுகாமத்துக்குப் போனோம். இரண்டு சகோதரிகளின் பெயர்களையும் சொல்லி விசாரித்தபோது, இரண்டாவது வீட்டிலேயே வளவு ஒன்றைக் காட்டினார்கள். திண்ணையில் இருந்த மூதாட்டி எங்களைப் பார்த்த உடனே கேட்ட கேள்வி, 'என்ன குடி மகள் நீங்க?' என்பதுதான். எங்கள் பகுதியில் ஒருவரை அடையாளம் காண முதலில் கேட்பது குடி என்ற அந்தக் குலப்பிரிவையே. பத்திரிகை அறிவித்தலில் ஒருபோதும் இல்லாததும் அதுவே. குடி தாய்வழியில் வருவதால் என்னுடைய குடி அம்மம்மாவினுடையது, அம்மப்பாவினுடையது அல்ல. அதைச் சொல்லி, அம்மப்பாவின் பெயரையும் சொன்னதும், அவர் தன்னுடைய தாய்மாமன் என்றார். அப்பெரியவர் வயலுக்கு வரும்போதெல்லாம் இந்தத் திண்ணையில்தான் படுப்பார் என்றும், கோபம் வந்தால் சாப்பிட மாட்டார் என்றும் சொன்னார்.

நான் அறிவித்தலின் படத்தைக் காட்டி உரக்க வாசித்தேன். சகோதரிகளின் பெயர்கள் வந்த இடத்தில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். இரண்டாவது பெயர் பிழை, அது வெளிப்பெயர், வீட்டில் கூப்பிட்டது வேறு, மூன்றாவதாகச் சின்ன வயதில் செத்த ஒரு தங்கச்சியும் இருந்தாள், அவளை ஏன் போடவில்லை என்று கேட்டார். சி.ஆர். கொப்பியில் அச்சில் இருந்ததை நீல மையிலும் அவர் சொன்னதைச் சிவப்பு மையிலும் எழுதி வைத்திருக்கிறேன்.