கிளாசிக் காருக்கு விலை மதிப்பது எப்படி

கிளாசிக் கார் வாங்கவோ விற்கவோ எண்ணும் நண்பர்கள், மாடலையும் ஆண்டையும் மட்டும் சொல்லிவிட்டு, "இதற்கு என்ன விலை கொடுக்கலாம்?" என்று என்னிடம் கேட்பதுண்டு. அவ்வளவு விவரத்தை மட்டும் வைத்து என்னால் விடை சொல்ல இயலாது. ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த இரண்டு கார்களில் ஒன்று ஒரே குடும்பத்தின் கையில் பத்திரமாக இருந்திருக்கும். மற்றொன்று ஏழெட்டுப் பேர் கைமாறி, விபத்தில் சிக்கி, வேறு என்ஜினோடு ஓடிக்கொண்டிருக்கும்.

எனவே நான் முதலில் எண்களைப் பார்க்கிறேன். சேசிஸில் பொறித்திருக்கும் எண்ணும் என்ஜினில் உள்ள எண்ணும் ஆவணங்களோடு பொருந்துகின்றனவா, அந்தக் காருக்கென்று தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட என்ஜினே இன்றும் அதில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே மற்ற கணக்குகள் அமைகின்றன. ஃபெராரி, போர்ஷே முதலிய நிறுவனங்கள் தங்கள் பழைய பதிவேடுகளின் அடிப்படையில் சான்றிதழ் வழங்குகின்றன. என்ஜின் மாற்றப்பட்ட கார் மிக நன்றாகவே ஓடலாம், ஆனால் சேகரிப்பாளர்கள் அதற்குக் குறைத்துத்தான் விலை கேட்பார்கள். எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாகப் பொறிக்கும் மோசடியும் நடப்பதால், எழுத்தின் வடிவத்தையும் சுற்றியுள்ள உலோகப் பரப்பையும் வெளிச்சம் பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது பாடி. பல ஆண்டுகளுக்கு முன், புதுப் பெயின்ட்டின் மினுமினுப்பில் மயங்கி ஒரு காருக்கு நான் உயர்ந்த மதிப்புச் சொன்னேன். லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்தபோது கதவுக்குக் கீழுள்ள பகுதி முழுவதும் துருவேறி, அதன்மேல் பட்டி பூசி மறைத்திருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து, பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கருவி இல்லாமல் நான் காரைப் பார்க்கப் போவதில்லை. தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஓரிடத்தில் மட்டும் அளவு பல மடங்கு ஏறினால் அங்கே பட்டி இருக்கிறது என்று பொருள். காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் பழைய முறை இரும்புத் தகட்டுக்கு மட்டுமே பயன்படும். 1953 முதல் ஃபைபர்கிளாஸ் பாடியோடு வரும் செவர்லே கார்வெட்டிடம் அது பலிக்காது.

புதுப்பித்தலுக்குச் செலவழித்த தொகை அப்படியே விலையில் சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கை மிகப் பரவலாக இருப்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலான கார்களில் அந்தச் செலவு, காரின் விலையையே தாண்டிவிடும். அதைவிட முக்கியமாக, அசல் பெயின்ட்டும் அசல் இருக்கைத் துணியும் ஒருமுறை போனால் எத்தனை பணம் கொடுத்தும் திரும்பி வாரா. 1968-இல் வெளிவந்த திரைப்படத்தில் ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங், 1974 முதல் ஒரே குடும்பத்திடம் இருந்து, புதுப்பிக்கப்படாமல் தழும்புகளோடே 2020 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தது. அதைத் திருப்பித் தருமாறு கேட்டு மெக்வீன் 1977-இல் எழுதிய கடிதமும் அந்தக் குடும்பத்திடம் இருந்தது. ஏலத்தில் அது 34 லட்சம் டாலருக்குப் போனது. வாங்குபவர் செலுத்தும் கட்டணமும் சேர்ந்து 37.4 லட்சம் டாலர் ஆயிற்று. அந்தக் காரைப் புதிதுபோல் மாற்றியிருந்தால் அதன் வரலாற்றையே சுரண்டி எடுத்ததாகியிருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த இரண்டு தொகைகளின் வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். ஏல முடிவுகளை ஒப்பிடும்போது எது கட்டணம் சேர்ந்தது, எது சேராதது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் கணக்கு தவறிவிடும். விளம்பரங்களில் காணும் தொகையோ விற்பவர் எதிர்பார்ப்பது மட்டுமே. உண்மையில் கைமாறிய விலையே எனக்குச் சான்று. ஹாகர்ட்டி போன்ற விலைக் கையேடுகள் காரின் நிலையை 1 (மிகச் சிறந்தது) முதல் 4 வரை தரம் பிரித்து விலை தருகின்றன. உரிமையாளர்கள் ஏறக்குறைய எல்லோருமே தங்கள் காரை 2 என்றுதான் நினைக்கிறார்கள், நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை 3.

அரிதாக இருப்பதனால் மட்டும் விலை ஏறுவதில்லை, விரும்புவோரும் வேண்டும். மிகக் குறைவாகவே தயாரிக்கப்பட்டும் யாரும் தேடாத கார்கள் ஏராளம். ஃபெராரி 250 ஜிடிஓ முப்பத்தாறே தயாரானது என்றாலும், பந்தய வெற்றிகளும் அழகும் சேர்ந்துதான் அதை இன்றைய உயரத்துக்குக் கொண்டுவந்தன. அந்த விருப்பமும் காலத்தோடு மாறும். 1988-இல் ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி மறைந்ததையொட்டிக் கிடுகிடுவென ஏறிய விலைகள், 1990-களின் தொடக்கத்தில் அதே வேகத்தில் சரிந்தன. ஆகவே நான் எழுதித் தரும் மதிப்பீட்டில் ஒற்றைத் தொகை இருக்காது. கீழ் எல்லை, மேல் எல்லை, பார்த்த தேதி, ஒப்பிட்ட விற்பனைகள் ஆகிய நான்கும் இருக்கும். காப்பீட்டுக்காகக் கேட்பவர்களிடம், இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி எடுக்கும்படியும், மதிப்பீட்டுத் தாளை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளும்படியும் சொல்லி அனுப்புகிறேன்.