டான் டானலியின் காலடித் தடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

டப்ளினிலிருந்து கார்க், லிமரிக் பக்கம் போவதென்றால் எம்7 நெடுஞ்சாலையில்தான் போகவேண்டும். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தாண்டியதும் ஒரு மாற்றம் தெரியும். அதுவரை கூடவே வந்த புதர் வேலிகளும் கல் சுவர்களும் காணாமல் போய், கண்ணுக்கு எட்டிய மட்டும் வெறும் புல்லாக விரியும். அயர்லாந்தில் ஒரு சின்னத் துண்டு நிலத்துக்குக்கூட வேலி போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் சுமார் 5,000 ஏக்கர் யாரும் அடைக்காமல் கிடக்கிறது என்றால் அதற்கு ஒரு கதை இருக்கும் அல்லவா? கில்டேர் கவுண்டியில் இருக்கிற இந்தச் சமவெளியின் பெயர் கர்ரா. ஆறு வருடமாகக் கார் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போன மே மாதம்தான் போய்ச் சேர்ந்தோம்.

"அங்க என்னங்க இருக்கு?" என்றாள் மனைவி.

"ஒரு குத்துச்சண்டைக்காரனோட கால்தடம்."

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் தயிர்சாதத்தை டப்பாவில் அடைக்கப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் இதற்குச் சம்மதம் என்று பொருள்.

கர்ரா என்ற ஐரிஷ் சொல்லுக்குக் குதிரை ஓடும் வெளி என்று விளக்கம் சொல்கிறார்கள். மண்ணே அதற்காக அமைந்த மாதிரிதான் இருக்கிறது. வடக்கே போனால் கால் புதையும் சதுப்பு நிலம். இங்கேயோ பனியுகம் விட்டுப்போன சரளைக்கல் அடியில் இருப்பதால் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் வடிந்துவிடும். ஏர் பார்க்காத பழைய புல், ஆடு மேய்ந்து மேய்ந்து கம்பளம் மாதிரி அடர்ந்து, மிதித்தால் காலை லேசாகத் தள்ளிவிடுகிறது. குதிரைக் குளம்புக்கு ஏற்ற தரை பட்டாளத்துப் பூட்ஸுக்கும் ஏற்றதுதானே. விளையாட்டும் படையும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம் இன்னும் அழகு. புனித பிரிஜிட் மடம் கட்ட நிலம் கேட்டாராம், லென்ஸ்டர் அரசன் மறுத்துவிட்டானாம். "என் மேற்போர்வை மூடுகிற அளவு கொடு, போதும்" என்றாராம். இதில் என்ன போய்விடும் என்று அரசனும் தலையாட்ட, போர்வை விரிந்து விரிந்து சமவெளி முழுவதையும் மூடிவிட்டதாம். நமக்குத் தெரிந்த கதைதான். மாவலிக்கும் மூவடி மண் சின்னதாகத்தானே தெரிந்தது.

முதலில் கிழக்கு ஓரம், கில்கல்லன் ஊர்ப்பக்கம் இருக்கும் டானலியின் பள்ளத்துக்குப் போனோம். கூகுள் மேப் எங்களை நடுவெளியில் இறக்கிவிட்டு "வந்து சேர்ந்தாயிற்று" என்றது. சுற்றிலும் முதுகில் நீலமும் சிவப்புமாகச் சாயம் தடவிய ஆடுகள். யாருடைய ஆடு என்று அடையாளம் வைக்கும் சாயம் அது. ஆடுகள் சாலை நடுவில் நின்று காரையே முறைக்கின்றன. ஹாரன் அடித்தும் பயனில்லை. நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் கை காட்டிய பிறகுதான் பள்ளம் கண்ணில் பட்டது. கிண்ணம் மாதிரி ஒரு குழிவு, சுற்றிலும் சரிவு. ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்து பார்க்க இயற்கையே கட்டிவைத்த மைதானம். அடியில் ஒரு கல் தூண்.

1815 டிசம்பர் 13. டப்ளின் தச்சன் டான் டானலியும் ஆங்கிலேயச் சண்டைக்காரன் ஜார்ஜ் கூப்பரும் இந்தக் குழியில் மோதினார்கள். கையுறை கிடையாது, வெறும் கைமுட்டிதான். 20,000 பேர் கூடியதாகச் சொல்கிறார்கள். முந்தைய வருடமே டாம் ஹால் என்ற இன்னொரு ஆங்கிலேயனை டானலி இதே இடத்தில் தோற்கடித்திருந்தான். தங்கள் பாராளுமன்றத்தையே 1801-இல் லண்டனிடம் பறிகொடுத்த மக்கள். ஒரு ஆங்கிலேயன் அடிவாங்குவதைப் பார்க்க டிசம்பர் குளிரில் நடந்தே வந்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. 11-ஆவது சுற்றில் கூப்பரின் தாடை உடைந்தது. ஜெயித்த டானலி சரிவேறி நடந்து போக, கூட்டம் அவன் காலடி பட்ட இடங்களையெல்லாம் தோண்டி அடையாளம் வைத்துக்கொண்டது.

அந்தத் தடங்கள் இன்னும் இருக்கின்றன. தூணிலிருந்து மேலே, புல்லுக்கு நடுவில் வரிசையாக வெறும் மண் குழிகள். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அதில் கால் வைத்து ஏறுகிறார்கள். 200 வருடமாக மிதிபடுவதால்தான் புல் முளைக்கவில்லை. சிமெண்ட் பூசவில்லை, கண்ணாடிப் பெட்டி இல்லை, டிக்கெட்டும் இல்லை. ஏழு வயது மகள் ஒரு தடத்திலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவித்தான் ஏற முடிந்தது. "இவர் என்ன ராட்சசரா?" என்று கேட்டாள். அவன் ஆள் பெரியவன்தான். ஆனால் வெற்றிபெற்றவனின் நடையை ஊர் கொஞ்சம் நீட்டியும் வைத்திருக்கலாம் என்பது என் சந்தேகம்.

அவன் கையின் கதை இதைவிட விசித்திரம். 1820-இல் இள வயதிலேயே டானலி இறந்துபோனான். அப்போதெல்லாம் மருத்துவப் படிப்புக்குப் பிணம் திருடி விற்கும் கூட்டம் இருந்தது. டானலியின் உடலையும் தோண்டி எடுத்து ஒரு மருத்துவரிடம் விற்றுவிட்டார்கள். ரசிகர்கள் கொதித்தெழ, மருத்துவர் உடலைத் திருப்பிக் கொடுத்தார், வலது கையை மட்டும் வைத்துக்கொண்டு! அந்தக் கை எடின்பரோவில் உடற்கூறு பாடத்துக்கு உதவி, சர்க்கஸோடு ஊர் சுற்றி, பெல்ஃபாஸ்ட் பப் ஒன்றில் தங்கி, கடைசியில் 1950-களில் இதோ பக்கத்துக் கில்கல்லனில் ஒரு பப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. பல வருடம் பீர் குடிக்க வந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே குடித்திருக்கிறார்கள். இப்போது அங்கே கை இல்லை. மனைவிக்கு அதில் நிம்மதி.

சாப்பிட்டுவிட்டு ராணுவ முகாம் பக்கம் வண்டியைத் திருப்பினோம். வழியெங்கும் ஃபர்ஸ் என்ற முட்புதர் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. கிட்டே போனால் தேங்காய் வாசம் அடிக்கிறது, சத்தியமாக. அந்தப் புதர்களைப் பற்றி நான் வாசித்திருந்த விஷயம் மட்டும் இனிமையானது அல்ல.

1855-இல் கிரிமியப் போருக்காக 10,000 சிப்பாய்களுக்கு இங்கே மரக்குடில்கள் எழுந்தன. போர் முடிந்தும் முகாம் நிலைத்துவிட்டது. சிப்பாய்களை நம்பி வந்த பெண்கள், கைவிடப்பட்ட பெண்கள், பாலியல் தொழிலில் விழுந்தவர்கள் என்று பலர் முகாமுக்குள்ளும் போகமுடியாமல், ஊருக்குள்ளும் சேர்க்கப்படாமல் இந்த முட்புதர்களைக் குடைந்து அதற்குள் வாழ்ந்தார்கள். நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். மழையும் பனியும் அங்கேதான், பிள்ளைப்பேறும் அங்கேதான். புதருக்குள் கூடு கட்டுவதால் அவர்களுக்கு ஒரு குருவியின் பெயரை வைத்து "கர்ராவின் ரென்கள்" என்றார்கள். ஜேம்ஸ் கிரீன்வுட் என்ற பத்திரிகையாளர் 1867-இல் லண்டனிலிருந்து வந்து இவர்களோடு பேசி எழுதினார். கிடைத்த காசை ஒரே கூட்டில் இருப்பவர்கள் பொதுவில் போட்டுச் சாப்பிட்டார்கள், கிழவிகள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அதில்தான் தெரியவந்தது. நான் நின்ற இடத்தில் அவர்கள் இருந்ததற்கு எந்தத் தடமும் இல்லை. மஞ்சள் பூவை ஃபோட்டோ எடுக்கக் கை போனது, எடுக்கவில்லை.

இதே முகாமுக்கு 1861-இல் விக்டோரியா மகாராணியின் மூத்த மகன் எட்வர்ட் பயிற்சிக்கு வந்தார். சக அதிகாரிகள் நெல்லி கிளிஃப்டன் என்ற நடிகையை அவர் குடிலுக்குள் அனுப்பிவைத்தார்கள். விஷயம் லண்டனை எட்ட, உடம்பு சரியில்லாத தந்தை ஆல்பர்ட் மகனைக் கண்டிக்கக் கேம்பிரிட்ஜ் வரை போனார். அடுத்த சில வாரங்களில் இறந்துபோனார். கணவர் சாவுக்கு மகன்தான் காரணம் என்று ராணி கடைசிவரை மனதில் வைத்திருந்தார். இளவரசருக்குக் கிடைத்தது ஒரு திட்டு, புதருக்குள் இருந்தவர்களுக்குக் கிடைத்தது சிறை. ஒரே சமவெளிதான்.

முகாமின் பெயரை உலகமே உச்சரித்தது 1914 மார்ச்சில். அயர்லாந்துக்குத் தன்னாட்சி தர லண்டன் முடிவெடுத்திருந்தது. வடக்கே அல்ஸ்டரில் அதை எதிர்த்து ஒரு லட்சம் பேர் ஆயுதப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் படையை அனுப்ப வேண்டிவந்தால்? ஜெனரல் பேஜெட் அதிகாரிகளைக் கூப்பிட்டு, அல்ஸ்டரில் வீடு உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம், மற்றவர்கள் மறுத்தால் பதவி நீக்கம் என்று சொல்லிவைத்தார். கேட்கக்கூடாத கேள்வி அது. பிரிகேடியர் ஹூபர்ட் காஃபும் அவரது குதிரைப்படை அதிகாரிகளில் 57 பேரும் "நீக்கமே போதும்" என்றார்கள். கட்டளை எதையும் மீறவில்லை என்பதால் சட்டப்படி இது கலகம் இல்லை. இருந்தும் கர்ரா கலகம் என்றே பெயர் நிலைத்தது. போர் அமைச்சர் ராஜினாமா செய்ய, பிரதமர் ஆஸ்குவித்தே அந்தப் பொறுப்பையும் ஏற்றார்.

1922 மே மாதம் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. அதே வருடம் டிசம்பர் 19-ஆம் தேதி, உள்நாட்டுப் போரில் பிடிபட்ட 7 பேரைப் புதிய ஐரிஷ் அரசே இங்கே சுட்டுக்கொன்றது.

இரண்டாம் உலகப் போர்க் கதைக்கு வந்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அயர்லாந்து நடுநிலை நாடு. வழிதவறி விழுந்த விமானிகளை, பிரிட்டிஷ்காரர் ஆனாலும் ஜெர்மானியர் ஆனாலும், கர்ரா முகாமில் அடைத்தார்கள். அடைத்தார்கள் என்றால், பக்கத்துப் பக்கத்து அடைப்பு, நடுவில் ஒரு தகரத் தடுப்பு. திரும்பி வருவேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு சைக்கிளில் ஊர் சுற்றலாம், கோல்ஃப் ஆடலாம், பப்புக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் போகலாம். இரு தரப்பும் கால்பந்து ஆடி ஜெர்மானியர் 8-3 என்று ஜெயித்த கதையும் உண்டு. 1941 நவம்பர் 30 அன்று ஸ்பிட்ஃபயர் விமானம் பழுதாகி டோனகல் பக்கம் குதித்த பட் வுல்ஃப் என்ற, பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்த அமெரிக்க விமானியும் இங்கே வந்து சேர்ந்தார். டிசம்பர் 13-ஆம் தேதி, அதாவது டானலி ஜெயித்த அதே தேதியில், முகாமைவிட்டு வெளியே நடந்தவர் ரயிலேறி, பிரிட்டன் வசமிருந்த வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் போய்விட்டார். பிரிட்டிஷ்காரர்கள் ஆரத்தி எடுப்பார்கள் என்று நினைத்திருப்பார். "வாக்குக் கொடுத்துவிட்டு ஓடிவரலாமா?" என்று அவரை மறுபடி கர்ராவுக்கே அனுப்பிவிட்டார்கள்! அவர் விமானத்தை 2011-இல் சதுப்பு மண்ணிலிருந்து தோண்டி எடுத்தார்கள். அதன் இயந்திரத் துப்பாக்கி ஒன்று 70 வருடம் கழித்தும் சுட்டது.

பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதமேந்தி எதிர்த்த ஐஆர்ஏ அமைப்பின் கைதிகளுக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. ஆனால் 1958-இல் ருவரி ஓ பிராடியும் டாஹி ஓ கோனலும், முகாமில் கால்பந்துப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போது, கம்பியை வெட்டி, புல் ஒட்டிய போர்வையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு ஊர்ந்தே தப்பிவிட்டார்கள். பிரிஜிட்டின் போர்வை ஞாபகம் வந்தது எனக்கு.

பந்தயத் திடலுக்குப் போகும்போது மணி நாலு. 1727 முதல் இங்கே பந்தயம் நடந்த பதிவு உண்டு. 1866-இல் முதல் ஐரிஷ் டெர்பி. அயர்லாந்தின் ஐந்து கிளாசிக் பந்தயங்களும் இங்கேதான் ஓடுகின்றன. அன்றைக்குப் பந்தயம் இல்லாததால், 2019-இல் திறந்த புதிய பார்வையாளர் மாடத்தை வெளியே நின்று பார்த்ததோடு சரி. திறந்த புதிதில் காற்று அடித்தால் அதன் கூரை விசிலடித்ததாம். வேலியில்லாத வெளியில் கூரை போட்டால் காற்று சும்மாவா இருக்கும்?

பக்கத்திலேயே டல்லி என்ற இடத்தில் தேசியக் குதிரைப் பண்ணை. அதை ஆரம்பித்த கர்னல் ஹால் வாக்கருக்கு ஜாதகப் பைத்தியம். குட்டி பிறந்ததும் நேரம் பார்த்து ஜாதகம் கணித்து, கட்டம் சரியில்லை என்றால் விற்றுவிடுவார். நட்சத்திர ஒளி படவேண்டும் என்று லாயக் கூரையில் ஜன்னலும் வைத்தார். என் மாமியார் அறிந்தால் அயர்லாந்தின் மேல் மரியாதை கூடும். அவர் வளர்த்த மினோரு என்ற குதிரை 1909-இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியை ஜெயித்தது. அதைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டியவர் யார் தெரியுமா? அதே எட்வர்ட்தான், அரசராகிவிட்ட பிறகு. கர்ரா அவருக்கு 48 வருடம் கழித்து வட்டியோடு ஏதோ திருப்பிக் கொடுத்திருக்கிறது.

ஷெர்கார் என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரையும் சமவெளியை ஒட்டிய பாலிமனி பண்ணையில்தான் இருந்தது. 1983 பிப்ரவரியில் துப்பாக்கிக்காரர்கள் கடத்திப்போனார்கள். இன்றுவரை எலும்புகூடக் கிடைக்கவில்லை.

கிளம்பும் முன் கில்டேர் ஊர்ப் பக்கமாக இருக்கும் கிப்பட் ராத்தை மட்டும் பார்த்துவிடலாம் என்றேன். பழங்காலத்து மண்கோட்டை வட்டம் அது. 1798 மே 29 அன்று, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியைக் கைவிட்டுச் சரணடைய வந்தவர்கள் இங்கே ஆயுதங்களைக் கீழே போட்டார்கள். ஒரு துப்பாக்கி வெடித்தது. ஜெனரல் டஃபின் குதிரைப்படை நிராயுதபாணிகள் மேல் பாய்ந்தது. ஏறத்தாழ 350 பேர் செத்தார்கள். அந்தப் படைக்கு வழங்கிய பட்டப்பெயர் "நரி வேட்டைக்காரர்கள்". மே மாத வெயிலில் வட்டம் இருக்கிற இடமே சரியாகப் பிடிபடவில்லை. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நெடுஞ்சாலை இரைச்சல் மட்டும் கேட்டது. பள்ளத்தில் ஒரு சண்டைக்காரனின் ஒவ்வொரு அடியையும் புல் மூடாமல் பார்த்துக்கொண்ட ஊர், இங்கே ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்கத் தோன்றியது. 350 பேரில் ஒருவர்கூட இங்கிருந்து நடந்து போகவிடப்படவில்லை, அப்புறம் எந்தத் தடத்தில் கால் வைப்பது என்றும் தோன்றியது.

திரும்பும் வழியில் டப்ளினுக்குள் கில்மைனம் சிக்னலில் நின்றோம். பக்கத்திலேயே புல்லீஸ் ஏக்கர் என்ற பழைய இடுகாடு. டானலியைப் புதைத்தது அங்கேதான் என்றேன். தூங்குகிறாள் என்று நினைத்த மகள் பின்சீட்டிலிருந்து கேட்டாள்:

"கால் அங்க இருக்கு, கை வேற எங்கயோ இருக்கு. மிச்சம் மட்டும் இங்கயாப்பா?"

ஆமாம் என்றேன்.