இடையே என்னும் ஒரு சொல்

பிரித்தானிய அருங்காட்சியகத்தின் தெற்காசியக் கூடத்தில் நிற்கும் தாரா தேவியின் சிலைக்கு முன்னால் இதுவரை நான்கு முறை நின்றிருக்கிறேன். எட்டாம் நூற்றாண்டுச் சிலை, பொன்முலாம் பூசிய வெண்கலம், 143 சென்டிமீட்டர் உயரம். கண்டெடுத்த இடம் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே என்கிறது அருங்காட்சியகத்தின் பதிவு. அந்த ‘இடையே’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் சிலைக்குப் போக முடியவில்லை. மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல், கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி எல்லாம் அந்தச் சொல்லுக்குள்தான் கிடக்கின்றன. என் தாயின் ஊரும் அதற்குள் ஓர் ஓரத்தில் இருக்கிறது.

சிலையை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர் ரொபர்ட் பிரவுன்றிக். 1812 முதல் 1820 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனதும், 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். 1830இல் சிலை இலண்டனில் ஒப்படைக்கப்பட்டது. அதன் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அவளுடைய திறந்த மார்பும் ஒசிந்த இடையும் பொதுமக்கள் பார்வைக்கு ஆகாதவை என்று கருதி, அறிஞர்கள் மட்டும் பார்க்கும்படி உள்ளே வைத்திருந்தார்கள். ஓர் இடைக்காக அவளை ஒளித்தவர்கள், இன்னோர் ‘இடை’யில் அவள் ஊரைத் தொலைத்துவிட்டார்கள். அவளைப் பற்றி நான் எழுதிவரும் கவிதையின் எந்த வரைவிலும் இந்தச் சிலேடையைச் சேர்க்கத் துணிந்ததில்லை. இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

முதல் வரைவில் நான் செய்ததைத்தான் புலம்பெயர்ந்து எழுதும் பலரும் செய்கிறோம். நீயும் கண்ணாடிக்குள், நானும் கண்ணாடிக்குள். நீயும் திரும்ப முடியாதவள், நானும் திரும்ப முடியாதவன். வாசித்துக் காட்டியபோது நண்பர்கள் கண் கலங்கினார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் ஓர் ஆளுநரின் உடைமையாகக் கப்பலேறியவள். நான் தஞ்சம் கேட்டு, நேர்காணலுக்குப் போய், கடைசியில் கடவுச்சீட்டும் பெற்றவன். அருங்காட்சியகம் தன் சேகரிப்பிலிருந்து பொருள்களைக் கொடுத்துவிடுவதை, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, 1963ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தடுக்கிறது. அந்தச் சட்டத்தை மாற்றக்கூடிய பாராளுமன்றத்துக்கு வாக்களிப்பவர்களில் நானும் ஒருவன். அப்படிப்பட்டவன் கண்ணாடிக்கு உட்புறமிருந்து பேசுவதுபோல் எழுதினால், அந்தக் கவிதை எவ்வளவு அழுதாலும் பொய்தான்.

ஆங்கிலக் கவிஞர்களிடமும் இந்த வழுக்கல் உண்டு. ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலின் பளிங்குச் சிற்பங்களை 1816இல் பிரித்தானியப் பாராளுமன்றம் 35,000 பவுணுக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே கீட்ஸ் அவற்றைப் பார்த்து எழுதிய கவிதையில் தன் சாவைப் பற்றிய நினைப்பு இருக்கிறது, காலத்தின் பேருரு இருக்கிறது. அவற்றைப் பெயர்த்துக் கொண்டுவந்தவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெயர்த்தவரை அதற்கு முன்பே சபித்து எழுதியவர் பைரன். கவிதையாகப் பார்த்தால் கீட்ஸுடையதே மேல் என்பதுதான் எனக்குள்ள சங்கடம்.

சங்கடம் தீர்க்க நான் போனது ஔவையிடம். புறநானூற்றின் 95ஆம் பாட்டில், அதியமானின் தூதாகச் சென்ற அவளுக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இவையோ மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. அதியமானின் அவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். காட்சிக்கு வைத்த பொருளைப் பற்றித் தமிழில் இதைவிடக் கூர்மையான கவிதை எனக்குத் தெரியாது. துடைத்து வைத்திருப்பதே அந்தப் பொருளுக்கு வேலை இல்லாமல் போனதற்குச் சாட்சி என்பதை அவள் புகழ்ச்சியின் தொனியிலேயே சொல்லிவிடுகிறாள். எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்று அழைத்த சென்னைவாசிகளும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள். உற்சவ மூர்த்திகளின் பீடத்தில், தூக்கிச் செல்லும் தண்டுகளைப் பொருத்துவதற்காகத் துளைகளோ வளையங்களோ இருக்கும். கண்ணாடிப் பேழைக்குள் அந்த வெற்றுத் துளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஔவையின் குரல் கேட்கிறது.

பயன்பாட்டை வைத்துப் பார்த்தால், இடம்பெயர்ந்த பொருள்கள் எல்லாமே துயரக் கதைகளும் அல்ல. நியூசிலாந்தின் வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் ஓர் உடைந்த வெண்கல மணி இருக்கிறது. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் பழந்தமிழ் எழுத்தில் பொறித்திருக்கிறது. 1830களில் வில்லியம் கொலன்சோ என்ற மதபோதகர் அதைக் கண்டபோது, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அதைக் கவிழ்த்து உருளைக்கிழங்கு அவிக்கும் பாத்திரமாக வைத்திருந்தார்கள். பெருங்காற்றில் விழுந்த மரமொன்றின் வேரடியில் அது கிடைத்ததாக அவர்கள் சொன்னார்கள். தமிழ் முஸ்லிம் கடலோடி ஒருவரின் மணி, கடலுக்கு அப்பால் யாரோ ஒருத்தியின் அடுப்பில் கொதித்திருக்கிறது. எங்கள் புலம்பெயர் கவிதைகளில் வரும் எந்தப் பண்பாட்டுச் சின்னத்துக்கும் இவ்வளவு உயிர் இருந்ததாக நினைவில்லை. தமிழின் பெருமைக்குச் சான்றாக இதை மேடைகளில் ஏற்றுபவர்கள் உருளைக்கிழங்கை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முதல் வரி.

இன்னொன்றையும் கவிதைகள் விட்டுவிடுகின்றன: பொருள் எந்த வழியாகப் போனது என்பதை. ஒக்ஸ்போர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகம் திருமங்கையாழ்வாரின் வெண்கலச் சிலையொன்றை 1967இல் ஏலத்தில் வாங்கியது. அதே சிலை 1957இல் கும்பகோணத்தை அடுத்த ஒரு பெருமாள் கோயிலில் எடுத்த புகைப்படத்தில் இருக்கிறது. திருப்பித் தரும் கோரிக்கையைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றம் 2024இல் ஆதரித்தது. அந்தப் படம் எடுக்கப்பட்டபோது இந்தியா சுதந்திரமடைந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இதை எழுதும்போது ‘வெள்ளையன் கொள்ளை’ என்று தொடங்குவது சோம்பல். உள்ளூரில் ஒரு கை உதவியில்லாமல் இது நடந்திருக்காது. போதாக்குறைக்கு, திருவரங்கத் திருப்பணிக்காக நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் களவாடியதாக வைணவ மரபே பெருமையோடு சொல்லும் ஆழ்வார் இவர். களவு போன களவாளிக் கவிஞர்! இந்தக் கதையை மறைக்காமல் அவரைத் திருப்பிக் கேட்கும் ஒரு கவிதையை யாராவது எழுதவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தாராவிடம் திரும்பினால், அவளும் பௌத்தத்தின் தேவிதான். தமிழன் ஒருவன் அவளை ‘எங்கள் அம்மன்’ என்று பாடும்போது அங்கேயும் ஒரு கைப்பற்றல் நடக்கிறது. நாடு முழுவதன் பேரால் கொழும்புக்கு அவளைக் கேட்கும்போதும் அந்தக் கரையோரம் மீண்டும் ‘இடையே’ ஆகிவிடுகிறது. அவள் படத்தைக் கைப்பேசியில் பார்த்த என் அம்மா, “இவவுக்கு ஆர் மனே விளக்கு வைக்கிற?” என்று மட்டும் கேட்டார். எந்தச் சமயம் என்று அவர் கேட்கவில்லை.

நான்காம் வரைவில் ‘நான்’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். கண்ணாடியும் போய்விட்டது. தெற்கிலிருந்து வடக்காக ஊர்களின் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு போகிறேன்; முஸ்லிம் மக்களின் மூதூரும், விகாரை உள்ள சேருவிலையும் சேர்த்துத்தான். இதுவரை ஏழு பெயர்கள் வந்திருக்கின்றன. தாராவின் பெயர் இன்னும் வரவில்லை.