மைனஸ் 19: லயத்து வீடு வரை வரும் வெளிச்சத்தின் கணக்கு

"எங்க தோட்டம் ரொம்ப உள்ளே, அதான் லைன் ஸ்லோ." செம்புக் கம்பிக் காலத்தில் இந்தப் பேச்சு சரி. டிஎஸ்எல் சிக்னல் எக்ஸ்சேஞ்சை விட்டு மூன்று நான்கு கிலோமீட்டர் தாண்டினாலே தேய்ந்துவிடும். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஓர் ஊரில், டவுனிலிருந்து விலகி இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மிச்சம் மீதிதான் வந்து சேரும். ஃபைபருக்கு இது பொருந்தாது. கண்ணாடி இழையில் 6 கிலோமீட்டர் போனால் வெளிச்சம் இழப்பது ஏறக்குறைய 1.5 டெசிபெல் (இழப்பை அளக்கும் அலகு). கம்பத்துப் பெட்டிக்குள் விரல் நீளத்தில் கிடக்கும், வெளிச்சத்தைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்று 10.5 டெசிபெல்லைத் தின்றுவிடும். இங்கே பங்கு போடுவதுதான் செலவு, தூரம் அல்ல.

எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஓஎல்டி என்ற பெட்டிக்கும் உங்கள் வீட்டில் இழை வந்து முடியும் ஓஎன்டி பெட்டிக்கும் நடுவில் மின்சாரம் தேவைப்படும் சாமான் ஒன்றுகூடக் கிடையாது. இந்த அமைப்புக்கு 'பாசிவ் ஆப்டிகல் நெட்வொர்க்', சுருக்கமாகப் 'பான்', என்று பெயர் வந்தது அதனால்தான். ஓஎல்டியின் ஒரு போர்ட்டிலிருந்து ஒரே ஓர் இழை கிளம்பும். ஸ்ப்ளிட்டர் அதை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிக்கும். வழியில் அந்த வெளிச்சத்துக்கு யாரும் எண்ணெய் ஊற்றப் போவதில்லை. கிளம்பும்போது இருந்ததை வைத்தே வீடு வரை வர வேண்டும். மலேசியாவில் 2010 மார்ச்சில் தொடங்கிய யூனிஃபை இணையச் சேவை முதல் வீட்டு ஃபைபர் பெரும்பாலும் இந்த அமைப்புதான். பரவலாக இருக்கும் வகையின் பெயர் ஜிபான்: வீட்டை நோக்கி 1490 நானோமீட்டர் அலையில் நொடிக்கு 2.488 கிகாபிட், வீட்டிலிருந்து 1310 நானோமீட்டரில் 1.244 கிகாபிட். அலைநீளம் வேறு வேறாக இருப்பதால் போக்குக்கும் வரத்துக்கும் ஒரே இழை போதும்.

ஒரே வெளிச்சம் 32 வீட்டுக்கும் போனால் குழப்பம் வராதா? தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பெயர் வாசிக்கும்போது குரல் எல்லார் காதிலும் விழும், பெயருக்கு உரியவர் மட்டும் பதில் சொல்வார். ஓஎல்டி அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் எண் இருக்கும். தன் எண் இல்லாததை ஓஎன்டி தூக்கிப் போட்டுவிடும். ஜிபான் தரத்தில் ஏஇஎஸ் 128 பிட் பூட்டுக்கும் இடம் உண்டு. அது போடப்பட்டிருந்தால் அடுத்த வீட்டுக்காரர் காது கொடுத்தாலும் ஒன்றும் புரியாது.

பதில் சொல்லும் திசைதான் சிக்கலானது. எல்லாரும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தால் கிராணிக்கு எதுவும் கேட்காது. அதனால் ஒவ்வொரு ஓஎன்டிக்கும் 'இந்த நொடித்துண்டில் பேசு' என்று முறை ஒதுக்கப்படும். மற்ற நேரத்தில் அதன் லேசர் அணைந்தே இருக்க வேண்டும். கண்ணாடிக்குள் வெளிச்சம் ஒரு கிலோமீட்டர் கடக்க 5 மைக்ரோநொடி ஆகும். டவுன் கடைக்காரருக்கும் 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் லயத்துக்கும் அந்த வித்தியாசம் இருப்பதால், ஓஎன்டி முதலில் இணையும்போதே ஓஎல்டி போக வர ஆகும் நேரத்தை அளந்து, கிட்ட இருப்பவரைக் கொஞ்சம் தாமதித்துப் பேசச் சொல்லும். இதற்கு ரேஞ்சிங் என்று பெயர். ஓஎன்டியில் பான் விளக்கு மினுக் மினுக்கென்று இருக்கும் நேரம் இந்த வேலையும் பதிவு வேலையும் நடக்கும் நேரம்.

இப்போது கணக்கு. ஓஎல்டியிலிருந்து +3 டிபிஎம், அதாவது 2 மில்லிவாட், கிளம்புகிறது என்று வையுங்கள். 6 கிலோமீட்டர் கேபிளுக்கு 1.5 போகும். கேபினட்டில் நாலாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு 7.3, கம்பத்துப் பெட்டியில் எட்டாகப் பிரிப்பதற்கு 10.5. உருக்கி ஒட்டிய இடங்கள் ஆறு, ஒன்றுக்கு 0.1 வீதம் 0.6. கனெக்டர்கள் நாலு, ஒன்றுக்கு 0.4 வீதம் 1.6. மொத்தம் 21.5. வீட்டுக்கு வந்து சேருவது மைனஸ் 18.5. ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' என்ற வரியில் மைனஸ் 19 ஒட்டிக் காட்டினால் லைன் ஆரோக்கியமாக இருக்கிறது.

டெசிபெல்லில் 3 குறைந்தால் வெளிச்சம் பாதி; 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. பி பிளஸ் வகை ஓஎன்டி மைனஸ் 27 வரை படிக்கும். அது 2 மைக்ரோவாட், கிளம்பியதில் ஆயிரத்தில் ஒன்று. ஆனால் மைனஸ் 26.5 காட்டும் லைனை 'வேலை செய்யுதே' என்று விட்டுவிட்டுப் போவது தப்பு. கேபிள் இன்னும் ஒரு முறை அறுந்து ஒட்டினாலோ, கனெக்டரில் கொஞ்சம் தூசி ஏறினாலோ முடிந்தது. மைனஸ் 24க்குக் கீழே இறங்கினால் காரணம் தேடியாக வேண்டும். மறுகோடியில், மைனஸ் 8ஐவிட அதிகமாக வெளிச்சம் வந்தாலும் ஓஎன்டியின் கண் கூசும். ஸ்ப்ளிட்டர் இல்லாமல் மேசையில் வைத்துச் சோதிப்பவர்கள் நடுவில் வெளிச்சத்தைக் குறைக்கும் 15 டெசிபெல் அட்டெனுவேட்டர் போடுவது அதற்காகத்தான்.

குறைவுக்கு முதல் காரணம் அழுக்கு. இழையில் வெளிச்சம் ஓடும் மையம் 9 மைக்ரான். நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு அளவு. விரல் பட்ட எண்ணெயே அதை மூடிவிடும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் படிந்துவிடும். சட்டை நுனியும் வேண்டாம். 2.5 மில்லிமீட்டர் 'ஒன் கிளிக்' கிளீனரை ஒருமுறை அழுத்தினால் போதும். இல்லையென்றால் 99 விழுக்காடு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் நூல் பிரியாத துடைப்பும். அழுக்கோடு செருகினால் எதிர்ப்பக்கக் கனெக்டரும் கீறல் விழுந்து கெடும், ஆகவே இரண்டு பக்கத்தையும் துடைத்துவிட்டுத்தான் செருக வேண்டும். முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. இந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

கனெக்டரில் பச்சைத் தலையும் நீலத் தலையும் ஒன்றல்ல. பச்சை எஸ்சி ஏபிசி, முனை 8 டிகிரி சாய்த்துத் தேய்க்கப்பட்டது. நீலம் யுபிசி, சாய்வு இல்லாதது. நீலத்தைப் பச்சையில் செருகினால் 'கிளிக்' என்று உட்காரும், ஆனால் நடுவில் காற்று இடைவெளி விழுந்து சில டெசிபெல் வீணாகும். கடையில் வாங்கி வந்த பேட்ச் கார்டில் (சின்ன இணைப்புக் கேபிளில்) அடிக்கடி நடக்கிற வம்பு இது.

அடுத்தது வளைவு. அலமாரிக்குப் பின்னால் நசுங்கிய கேபிள், ஸ்டேப்ளர் அடித்த கேபிள், அஞ்சடித் தூணில் இறுக்கிக் கட்டிய கேபிள். ஜி.657 ஏ2 இழை 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை தாங்கும், பழைய ஜி.652 இழைக்கு 30 மில்லிமீட்டர் கொடுங்கள். வளைவை அழுக்கிலிருந்து பிரித்தறிய ஒரு வழி உண்டு: இழையில் எங்கே எவ்வளவு இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியில் 1310, 1550 நானோமீட்டர் இரண்டிலும் அளக்க வேண்டும். 1550ல் மட்டும் இழப்பு எகிறினால் அது வளைவு. இரண்டிலும் ஒரே அளவு என்றால் கனெக்டரையோ உருக்கி ஒட்டிய இடத்தையோ சந்தேகப்படுங்கள். வீட்டுக்குள் என்றால் சிவப்பு லேசர் பேனா போதும். மஞ்சள் பேட்ச் கார்டில் கசியும் இடம் சிவந்து தெரியும். வெளியே வரும் கறுப்பு உறை கேபிளில் தெரியாது.

தோட்டத்துப் பக்கம் இழைக்குத் தனி எதிரிகள். செம்பனை ஓலை விழுந்து கேபிளை இழுக்கும். குலை ஏற்றிய லாரி உயரமாகப் போய்த் தாழ்ந்து தொங்கும் கேபிளைப் பிடுங்கும். 25 ஆண்டு ஆன மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது மண்வாரி இயந்திரம் புதைத்த கேபிளை வேரோடு எடுத்துவிடும். எலிக்கு ஆந்தை வளர்க்கும் தோட்டங்கள் உண்டு, கேபிளைக் கடிக்கும் அணிலுக்கு அந்த ஏற்பாடு இல்லை. செம்பு திருட வருபவர் ஃபைபரை வெட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே கண்ணாடி என்று தெரிந்துகொள்கிறார். கம்பத்துப் பெட்டி மூடி சரியாக இறுகவில்லை என்றால் எறும்பு கூடு கட்டும், மழைநீர் இறங்கும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பெட்டி ஓரமாகச் சில மீட்டர் உபரிச் சுருளும் விட்டிருந்தால், அடுத்த தடவை அறுந்தபோது புது கேபிள் இழுக்க வேண்டாம்.

இடி விழும் நாளில் இழை வழியாக மின்சாரம் வராது. ஆனால் தாங்கு கம்பி எஃகாக இருந்தால் அது வழியாக வரும், அடாப்டரின் சுவர் பிளக் வழியாகவும் வரும். ஓஎன்டி கருகுவது பெரும்பாலும் பிளக் பக்கத்திலிருந்துதான்.

பழுது சொல்ல அழைக்கும் முன் விளக்கைப் படியுங்கள். ஓஎன்டியின் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பில் மினுங்கினால் வெளிச்சமே வரவில்லை: அறுந்திருக்கிறது, கழன்றிருக்கிறது அல்லது நசுங்கியிருக்கிறது. எல்ஓஎஸ் அணைந்து, பான் மட்டும் நிற்காமல் மினுங்கினால் வெளிச்சம் வருகிறது, பதிவு ஆகவில்லை. சீரியல் எண் ஓஎல்டியில் தப்பாக ஏறியிருக்கலாம், ஓஎன்டியின் அனுப்பும் லேசர் செத்திருக்கலாம். பான் நிலையாக எரிந்தும் இணையம் இல்லை என்றால் ஒளியில் கோளாறு இல்லை. ரவுட்டரை, கணக்குப் பெயரை, விலானை (ஒரே லைனில் ஓடும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் எண்ணை) பாருங்கள். யூனிஃபையில் ரவுட்டரை மாற்றுபவர்கள் மறப்பது இணையத்துக்கான விலான் எண் 500ஐ.

கஷ்டமான பழுது ஒன்று உண்டு. ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 19 என்று அருமையாக இருக்கும், ஆனாலும் லயம் முழுவதும் விட்டு விட்டு அறுபடும். பெரட்டில் ஒருவர் மட்டும் நிறுத்தாமல் கத்துகிறார் என்று அர்த்தம்: எங்கோ ஒரு வீட்டு ஓஎன்டி லேசரை அணைக்காமல் விட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் எத்தனை மாற்றினாலும் தீராது. கம்பத்துப் பெட்டியில் ஒவ்வொரு வீட்டு இழையாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது மற்றவர்களுக்குச் சரியாகிறது என்று பார்க்க வேண்டும். அதனால் புகாரில் பக்கத்து வீடுகளின் நிலையையும் சொல்லுங்கள். அந்த ஒரு வரி தொழில்நுட்பரை வீட்டுக்கு அனுப்பாமல் கம்பத்துக்கு அனுப்பும்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஒரு விஷயம். பழைய செம்பு போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது, கரண்ட் போனாலும் மணி அடிக்கும். ஃபைபர் போன் அப்படி இல்லை. வீட்டில் கரண்ட் போனதும் ஓஎன்டியோடு சேர்ந்து அதுவும் போகும். பெரும்பாலான ஓஎன்டிகளுக்கு 12 வோல்ட்தான் தேவை. அதே வோல்ட்டும் அதற்கேற்ற ஆம்பியரும் உள்ள சின்ன டிசி யூபிஎஸ் ஒன்றை ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்துப் போட்டால், யூபிஎஸ்ஸிலும் எக்ஸ்சேஞ்சிலும் பேட்டரி இருக்கும்வரை போன் உயிரோடு இருக்கும். வாங்கும் முன் அடாப்டரின் அடியில் அச்சிட்ட எண்ணையும் பிளக் முனையின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.