சூடே இல்லையே என்றாள் அம்மா

முந்தின வருடம் ஆடித் தள்ளுபடி நேரத்தில்தான் ஆரம்பித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி இடது காலை ஊன்றினால், குதிகாலில் ஆணி அடித்த மாதிரி ஒரு வலி. சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே பாத்ரூம் போய் வருவதற்குள் கொஞ்சம் விட்டுவிடும். டீ கொதிக்கும்போது வலி இருந்ததே மறந்திருக்கும். மதியம் கடையில் சாப்பிட்டு எழுந்தால், முதல் அடியில் மறுபடியும் சுளீர். நான் ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பத்து மணி நேரம் நின்றால் கால் வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு கிளினிக்குக்குப் போனேன். காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். யூரிக் ஆசிட் 6.8. ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதை நம்பி இரண்டு மாதம் பருப்பு, கறி, மீன் எதையும் தொடவில்லை. நாக்கு செத்ததுதான் மிச்சம். அப்புறம் வேறொரு இடத்தில் எக்ஸ்ரே. குதிகால் எலும்பின் அடியில் சின்னதாக ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தது. “எலும்பு வளர்ந்திருக்கு” என்று கடையில் சொன்னதுதான் தாமதம், ஆளுக்கொரு வைத்தியம். ஒரு அக்கா ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டார்.

அம்மாவின் வைத்தியம் செங்கல். அடுப்பில் சுட்டு, மேலே எருக்க இலையை விரித்து, அதைக் குதிகாலால் மிதிக்க வேண்டும். சூடு பதமா என்று பார்க்க முதலில் அவளே கால் வைத்தாள். வைத்தபடியே நின்றாள். “சூடே இல்லையே, மிதி” என்றாள். மிதித்தேன், அலறிக்கொண்டு ஓடினேன். குதிகாலில் கொப்புளம். “உனக்குத் தோலு மெல்லிசுடி” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

மார்கழியில் அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி, எலும்பு டாக்டரைப் பார்த்தேன். ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, “எங்க வலிக்குதுன்னு ஒரே விரலால காட்டுங்க” என்றார். பிறகு, எப்போது வலிக்கிறது என்று கேட்டார். நான் காட்டிய இடத்தில், குதிகாலின் உள்பக்க முன் ஓரத்தில், கட்டைவிரலால் அழுத்தினார். உயிர் போய் வந்தது. என் கால் பெருவிரலை மேலே வளைத்தார். அதே இடம் இழுத்தது. குதிகாலை இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கினார், ஒன்றுமில்லை. அங்கே வலித்திருந்தால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்குமாம். வலி பின்பக்கம் என்றால் கெண்டைச் சதையிலிருந்து இறங்கும் தசைநார், மரத்துப்போய்ச் சுருசுருவென்றால் நரம்பு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்.

எனக்கு வந்தது பிளான்டர் ஃபேசியைடிஸ். குதி எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த பட்டை, எலும்போடு ஒட்டும் இடத்தில் நைந்துபோவது. ராத்திரி சுருங்கிக் கிடப்பதைக் காலை முதல் அடி வெடுக்கென்று இழுப்பதால்தான் அந்தச் சுளீர். எக்ஸ்ரேயில் தெரிந்த முள், வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் இருக்குமாம். யூரிக் ஆசிட் வாதம் என்றால் பெரும்பாலும் பெருவிரல் மூட்டில்தான் ஆரம்பிக்கும். ஒரே ராத்திரியில் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் தாங்காது. எண் கூடியிருப்பது மட்டும் வியாதி ஆகிவிடாது. என் சாம்பார் போனது போனதுதான்.

“கடையில என்ன செருப்பு போடுறீங்க?”

போடுவதில்லை. பட்டுப் பிரிவில் செருப்புக்கு அனுமதி கிடையாது, நாளெல்லாம் வெறுங்காலோடு டைல்ஸ் தரைதான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தமே வந்துவிட்டது. எங்கள் பிரிவிலும் இரண்டு முக்காலி உண்டு. அவற்றின் மேல் புடவை அடுக்கியிருக்கிறது.

கட்டிலை விட்டு இறங்கும் முன் கால் விரல்களை மேல் நோக்கிப் பத்துத் தடவை இழுத்துப் பிடிப்பது, சுவரில் கை ஊன்றிக் கெண்டைச் சதையை நீட்டுவது, வீட்டுக்குள்ளும் எம்சிஆர் எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு. இவ்வளவுதான் எழுதிக் கொடுத்தார். பொறுமை வேணும், பல மாசம் ஆகும் என்றார். கிளம்பும்போது சிரிப்புக்காகச் செங்கல் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அம்மாவுக்கு சுகர் இருக்கா?”

பதினான்கு வருடமாக இருக்கிறது. பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கு என்பாள், ராத்திரி இரண்டு பாதமும் எரியுது என்பாள். உடம்புச் சூடு என்று விளக்கெண்ணெய் தேய்த்துவிடுவேன். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்துபோவாள். கவனம் இல்லை என்று திட்டுவேன்.

அடுத்த வாரம் கூட்டிப் போனேன். கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, படும்போதெல்லாம் சொல்லச் சொன்னார்கள். நாலைந்து இடம் தொட்டாகிவிட்டது. அம்மா கண்ணை மூடியபடியே கேட்டாள்: “இன்னும் ஆரம்பிக்கலையா?”

அடுத்த ஆடி வந்தபோது என் வலி முக்கால்வாசி போயிருந்தது. செருப்புக்காக மேலாளரிடம் இரண்டு தடவை சண்டை போட வேண்டியிருந்தது, அது தனிக் கதை. இப்போது தினமும் ராத்திரி போன் டார்ச்சை அடித்து அம்மாவின் உள்ளங்காலைப் பார்க்கிறேன். போன வாரம் அதில் ஒரு குண்டூசி குத்தி நின்றது. என் புடவையிலிருந்து விழுந்ததாகத்தான் இருக்கும். எப்போது ஏறியது என்று அவளுக்குத் தெரியவில்லை.